'ஓடலாம்' என்று நான் எழுதிய துண்டு

திங்கட்கிழமையிலிருந்து நம் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவின், அதாவது பிசியோதெரபி அறையின், சாவி உங்கள் மூன்று பேர் கையில் இருக்கும். மின்சாரத்தில் ஓடும் அந்தப் பெட்டிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவற்றில் பாதி எனக்கு ஓய்வுபெறும்வரை பிடிபடவே இல்லை. நீங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித்தந்திருக்க முடியாத ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தச் சொல் 'துண்டு'.

தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஆள் காய்ச்சலில் விழுந்தால் டிஸ்பென்சரிக்குப் போவார். அங்கே ஒரு சிறு காகிதத்தில் இரண்டு வரி எழுதித் தருவார்கள். அதுதான் துண்டு. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதைக் கங்காணியிடம் நீட்ட வேண்டும். வேலைக்கு வரலாம், இல்லாவிட்டால் வர வேண்டாம். துண்டு சொல்லக்கூடியது இந்த இரண்டில் ஒன்றைத்தான். 'மெதுவாகப் பறிக்கட்டும், மேட்டுக்கு அனுப்ப வேண்டாம், மத்தியானத்தோடு வீட்டுக்கு விடுங்கள்' என்று எழுதினால் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை. எங்கள் சனத்துக்குள் 'துண்டு குடுத்துட்டாங்க' என்றால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவள். என் அம்மா வாழ்நாள் முழுக்கத் துண்டு நீட்டியவர். தெரிந்திருந்தும் அந்தத் தவறைச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் பெயரை மாற்றி வனஜா என்று சொல்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். பாடசாலையின் வலைப்பந்து, அதாவது நெட்பால், அணியில் டிபென்ஸ் ஆடுபவள். நெடுநெடுவென்ற வளர்த்தி, எதிரணிக்குப் போகும் பந்தை எம்பிப் பறித்துக்கொண்டு வருவதுதான் அவள் வேலை. ஒரு நவம்பர் மாதப் பயிற்சியில் அப்படி எம்பிப் பந்தைப் பிடித்தாள். தரையில் இறங்கும்போது இடது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் தொடவும் இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சொன்னார்கள். முழங்காலுக்கு நடுவே குறுக்காக ஓடி அதைப் பிடித்துவைத்திருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. ஒருவரும் தொடாமல் ஒரு கால் எப்படி இப்படியாகும் என்று லயத்தில் யாருக்கும் விளங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த எதையாவது செய்ய வேண்டாமா?

டிசம்பரில் கண்டியில் சத்திரசிகிச்சை நடந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரை எடுத்து முழங்காலுக்குள் வைத்தார்கள். ஜனவரியில் இரண்டு பஸ் மாறி என்னிடம் வந்தாள். கூடவே அவள் அம்மா. கொழுந்து பறிப்பவர், அதிகம் பேச மாட்டார். வரும் நாளெல்லாம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், கவலையில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கவலைப்பட்டதோடு கவனித்துக்கொண்டும் இருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

வனஜா நல்ல உழைப்பாளி. சொன்ன பயிற்சியை விட்டுவைக்க மாட்டாள். ஜூன் மாதம், ஆறு மாதம் முடிந்த அன்று, என் அறையில் அவளை நடக்க வைத்தேன், இருந்து எழும்ப வைத்தேன், அங்கிருந்து இங்கே மெதுவாக ஓட வைத்தேன். வீக்கம் இல்லை, வலி இல்லை. அன்றைக்கு வெளியே முப்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாதக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் மழைச் சாரல் படும் இடத்தில் இருந்தார், அவரை உள்ளே எடுக்கச் சொல்லித் தாதி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"மிஸ், நான் ஓடலாமா?" என்று வனஜா கேட்டாள்.

"ஓடலாம்," என்றேன்.

"எங்க டீம் சேருகிட்ட காட்டணும். ஒரு துண்டு தாறீங்களா?"

காகிதத்தை எடுத்து, அவள் பெயரைப் போட்டு, கீழே ஒரே சொல் எழுதினேன். 'ஓடலாம்.' கையெழுத்து, திகதி, முத்திரை. நேர்கோட்டில், மெதுவாக, திரும்பாமல், குதிக்காமல் ஓடலாம் என்பதுதான் என் மனதில் இருந்தது. அதை வாயால் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருக்கவும் கூடும். சக்கர நாற்காலிக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு வரச் சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அவள் வரவில்லை. மழை, பஸ் இல்லை, பரீட்சை என்று நானாகவே காரணம் கற்பித்துக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை அம்மாவும் மகளும் வந்தார்கள். வனஜாவின் கையில் தொதல் இனிப்பைச் சுற்றிய ஒரு பொதி. முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், வலயப் போட்டியில நாங்கதான் முதலாவது. நாலு மேட்சும் நான் முழுசா ஆடுனேன். வர்ற சனிக்கிழமை ஹட்டன்ல மாகாணப் போட்டி."

தொதலைக் கையில் வாங்கிக்கொண்டேன். "நீ ஆடலாம்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதான் மிஸ் துண்டு குடுத்தீங்க."

இந்த இடத்தில் நீங்கள் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அறுந்த நாரை மாற்றி வைத்த பிள்ளைகளில் மறுபடியும் அறுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். எம்பவும் திரும்பவும் வேண்டிய அதே விளையாட்டுக்கு அவசரமாகத் திரும்பியவர்கள். பெண்பிள்ளைகள் தரையில் இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிவது அதிகம், அதைத் திருத்தாமல் அனுப்பினால் முதல் தடவை நடந்தது அப்படியே திரும்ப நடக்கும். அறுவது பழைய கால்தான் என்றும் இல்லை. பயந்த காலைக் காப்பாற்ற எல்லாப் பாரத்தையும் நல்ல காலில் போட்டு, அதையும் அறுத்துக்கொண்டு வருவார்கள். வைத்த நார் பிடித்துக்கொள்ளக் குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறோம். அதுவும் இரண்டு காலும் ஒரே பலத்துக்கு வந்த பிறகு. வனஜாவுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டாம் தடவை அறுந்தால் உள்ளே இருக்கும் சவ்வும் சேர்ந்து கிழியும், முப்பது வயதில் கிழவியின் முழங்கால்தான் மிஞ்சும். சமதரை என்று ஒன்று இல்லாத இடத்தில் அந்த முழங்காலோடு அவள் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும்.

உடனே அவளைப் பரிசோதித்தேன். அறைக்குள் மறுபடியும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு முதன்முதலில் வேலை பழக்கிய ஒரு சிங்கள அம்மையார் இருந்தார். அரைகுறைத் தமிழில், "நோயாளி வாறது பாக்க வேணாம். போறது பாரு. கேட் வரைக்கும் போ," என்பார். கூட்டம் கூடக் கூட நான் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தேன். அன்றைக்குத் தொதலை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரோடும் வெளியே போனேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோட்டுக்கு அறுபது கல்படிகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். வனஜா முன்னால் இறங்கினாள். விறுவிறென்று இறங்கினாள், அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் அவள் பாதங்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் இடது கால்தான் முதலில் கீழே போனது. வலது கால் மேல்படியில் நின்று மடங்கி, உடம்பின் பாரத்தைத் தாங்கி இறக்கிவிட்டு, பிறகு வந்து சேர்ந்துகொண்டது. முதலில் கீழே போகும் காலுக்கு வேலை இல்லை. மேலே நின்று மடங்கும் காலுக்குத்தான் வேலை. அறுபது படியில் ஒரு படியில்கூட அவள் அந்த வேலையை இடது காலுக்குக் கொடுக்கவில்லை. அப்படிச் செய்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

ரோட்டோரத்தில் நின்று, "எப்போலருந்து இப்புடி எறங்குறா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"ஆபரேசன் முடிஞ்சதுலருந்து அப்புடித்தாங்க மிஸ். மலையில எறங்குறப்பவும் அப்புடித்தான். எடது காலு மடங்க மாட்டேங்குது, வலது காலுதான் தாங்குது. எட்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க துண்டு குடுத்துட்டீங்க. படிச்சவங்க குடுத்த துண்டுக்கு மேல நான் என்னா சொல்றது?"

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்துச் சரிவில் இறங்கிப் பழகிய ஒரு பெண், எந்தக் கால் வேலை செய்கிறது என்று என்னைவிட முன்னால் கண்டுபிடித்திருந்தார். என் ஒரு சொல் அவருடைய வாயை அடைத்துவிட்டிருந்தது.

அங்கேயே, ரோட்டோரக் கடை மேசையில் காகிதத்தை வைத்து இரண்டாவது துண்டை எழுதினேன். 'விளையாடக் கூடாது.' வனஜாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். துண்டை வாங்கிப் பாடக் கொப்பிக்குள் வைத்தாள். நீங்கள் கவனிக்க வேண்டியது இது: துண்டை நான் அவள் கையில் கொடுத்தேன். நோயாளியின் துண்டை நோயாளியே கொண்டுபோவதுதான் தோட்டத்து வழக்கம், கை தானாக அவளிடம் நீண்டுவிட்டது. மாகாணப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கிறது. அவள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒருவரும் அந்தப் போட்டிக்குப் போனதில்லை. வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அப்படிப்பட்ட பிள்ளையிடம் 'விளையாடக் கூடாது' என்ற காகிதத்தைக் கொடுத்து, நீயே போய் உன் சேரிடம் கொடு என்று அனுப்பியிருக்கிறேன். என்ன புத்தி பாருங்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவள் அம்மா எனக்குப் போன் எடுத்துப் பேசினார்.

"மிஸ், அவ வெளையாடுற சப்பாத்துச் சோடியக் கழுவி அடுப்புக்கு மேல காயப்போட்டுருக்கா."

"துண்டை சேருகிட்ட குடுத்தாளா?"

"கேட்டேன். ம்ங்குறா. மூஞ்சப் பாத்தா குடுத்த மாதிரி தெரியல. நான் சொன்னா கேக்குற வயசும் இல்ல. நாளைக்கு எனக்கு வேல, வர முடியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லிப்பாருங்க மிஸ்."

வனஜாவின் போன் அணைந்திருந்தது. அந்த சேரின் இலக்கம் என்னிடம் இல்லை. இவ்வளவு மாதம் ஒரு வீராங்கனைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், அவளைப் பயிற்றுவிக்கும் மனிதரின் இலக்கத்தை ஒருநாளும் கேட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலைக்கு அப்பால் மண் சரிந்து ரோடு பாதி மூடியிருந்தது. ஒருபக்க வாகனங்களை விட்டு விட்டுத்தான் அனுப்பினார்கள். அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் போனது. பஸ்ஸுக்குள் எல்லோரும் வடையும் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அந்த 'டப்' சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது வனஜாவின் அணி அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது குவாட்டர் அப்போதுதான் முடிந்து இடைவேளை விட்டிருந்தார்கள். தூறல். தார் போட்ட ஆடுகளம் ஈரத்தில் மினுங்கியது. வனஜா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து ஆறேழு வருடம் இருக்கும், பிள்ளைகளுக்காகத் தன் சொந்த நேரத்தையெல்லாம் கொடுப்பவர் என்று பெற்றோர்கள் சொல்வார்கள். நான் யார் என்று சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைய எறக்கக் கூடாதுங்க சேர். இப்பவே எடுத்துருங்க," என்றேன்.

"என்ன மிஸ் சொல்லுறீங்கள்? நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்."

"அதுக்கப்புறம் வேற ஒண்ணு குடுத்தேன். திங்கக்கிழம."

"எனக்கு ஒண்டும் வரேல்லை. என்னட்டை இதுதான் இருக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மழையில் நனையாமல் இருக்கப் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தார். உள்ளே என் கையெழுத்து, என் முத்திரை. 'ஓடலாம்.' என்னிடமே அதை நீட்டினார்.

"அதுல ஓடலாம்னுதான் இருக்கு. ஆடலாம்னு இல்ல," என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓடாமல் ஆரும் இந்த விளையாட்டை விளையாடுறவையோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். விசில் ஊதியது. வனஜா உள்ளே ஓடினாள்.

இந்த விளையாட்டில் ஒரு குவாட்டர் தொடங்கினால், யாருக்காவது அடிபட்டு ஆட்டம் நின்றாலொழிய ஆளை மாற்ற முடியாது. "பத்து நிமிசம். முடியுமட்டும் மாத்த ஏலாது மிஸ்," என்றார் சேர். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கத்திப் பயனில்லை. பாடசாலை அதிபரிடம் முறையிடலாம், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவதாக ஒரு துண்டு எழுதலாம் என்றுகூடக் கை பையைத் தேடியது. பிறகுதான் புத்தி வந்தது. இதுவரை என் துண்டுகள் செய்ததெல்லாம் போதும், இந்த மனிதரை அவருடைய கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும்.

"சேர், ஒரு உதவி. பந்தப் பாக்காதீங்க. அவ கால மட்டும் பாருங்க. எறங்குறப்ப."

"மூண்டு கோல் பின்னுக்கு நிக்கிறம் மிஸ்."

"தெரியும். காலப் பாருங்க."

அவர் என்னை ஒருதரம் முறைத்துவிட்டு ஆடுகளத்தைப் பார்த்தார். வனஜா எம்பினாள், வலது காலில் இறங்கினாள். மறுபடி எம்பினாள், மறுபடியும் வலது கால். இடது பக்கமாக வந்த பந்துக்குக்கூட உடம்பை முறுக்கி வலது காலைத்தான் தரையில் வைத்தாள். கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவள் பறித்த பந்துகளால் இடைவெளி ஒரு கோலாகக் குறைந்தது. அவ்வளவு அழகாக ஆடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

"வலது காலில மட்டும்தான் விழுறா," என்றார் சேர் மெல்ல.

"ஆமா. அது வேணும்னே செய்றது இல்ல."

ஏழாவது நிமிடம் என்று நினைக்கிறேன். உயரமாக வந்த ஒரு பந்துக்கு இரண்டு பேர் சேர்ந்து எம்பினார்கள். வனஜாவுக்கு வலது பக்கம் இறங்க இடம் இல்லை. இடது காலில் இறங்கினாள். முழங்கால் உள்ளே சரிந்தது. பந்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினாள். நான் எழுந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. சத்தம் வரவில்லை. நடுவர் அருகில் போய்க் கேட்டார். அவள் 'ஒன்றுமில்லை' என்று தலையாட்டி, தார்ப்பொடி ஒட்டிய கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். அப்படி ஓடும்போது தன் இடது காலை ஒருதடவை குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை சேரும் பார்த்தார்.

"நான் இவ்வளவு காலமும் பந்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார். மீதி மூன்று நிமிடமும் அவர் பந்தைப் பார்க்கவில்லை.

குவாட்டர் முடிந்ததும் வனஜாவை வெளியே எடுத்துவிட்டு வேறொரு பிள்ளையை உள்ளே அனுப்பினார். வனஜா அவரிடம் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. பிறகு என்னிடம் வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்கதான் எழுதுனீங்க. இப்ப நீங்களே வந்து அழிக்கிறீங்க. மொதல்லயே எழுதாம இருந்திருக்கலாம்ல?"

கடைசிக் குவாட்டரை அவள் ஈர வாங்கில் உட்கார்ந்து, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, பார்க்காமலே கழித்தாள். அவள் அணி இரண்டு கோலால் தோற்றது. நாங்கள் புறப்படும்போது சேர் அந்தப் பிளாஸ்டிக் உறையை என் கையில் வைத்தார். "இது உங்களிட்டையே இருக்கட்டும் மிஸ்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வனஜா வரவில்லை. வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு ஒருநாள் அம்மா அவளைக் கையோடு அழைத்துவந்தார். வனஜா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு நான் முறையை மாற்றினேன். அவள் அம்மாவை வாங்கிலிருந்து எழுப்பி எனக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

"இனிமே இவ காலு எப்புடின்னு நான் ஒங்ககிட்டதான் கேப்பேன். மலையில எறங்குறப்ப பாருங்க. நீங்க சரின்னு சொல்லாம நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை. "சரிங்க மிஸ். நான் பாத்துச் சொல்றேன்," என்றார். அதற்காகவே காத்திருந்தவர் போலத்தான் இருந்தது.

சேரின் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். பயிற்சி நாட்களில் அவள் சிறு பெட்டி ஒன்றிலிருந்து குதித்து இறங்குவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். முதலில் படத்தோடு ஒரு வரியும் இருக்காது. போகப்போக 'இடது இன்றைக்கும் உள்ளே' என்று அவரே எழுதி அனுப்பத் தொடங்கினார். வனஜாவுக்கு என் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அந்தக் கோபத்தோடேயே உழைத்தாள். அவள் என்னோடு சிரித்துப் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தைப்பொங்கல் முடிந்த வாரம் இருவரும் வந்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா உட்காராமலே சொன்னார்.

"இப்ப எந்தக் காலு மொதல்ல எறங்குதுன்னு எனக்கே புடிபட மாட்டேங்குது மிஸ். ரெண்டும் மாறி மாறிப் போகுது."

நானும் பார்த்தேன். பலம் இரண்டு காலிலும் ஒன்றாக இருந்தது. குதித்து இறங்கியபோது முழங்கால் நேராக நின்றது, தரையில் சத்தம் இல்லை. அன்றைக்கு எழுதிய துண்டு ஒரு முழுப் பக்கம். என்ன ஆடலாம், எவ்வளவு நேரம், எந்தப் பயிற்சியை ஒருநாளும் விடக் கூடாது, வீங்கினால் யாருக்கு அறிவிக்க வேண்டும், எல்லாம் எழுதினேன். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மாவையும் கையெழுத்துப் போட வைத்தேன். அவர் பேனையை இறுக்கிப் பிடித்து, முழுப் பெயரையும் மெதுவாக எழுதினார்.

வனஜா அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். மடித்தாள்.

"இனி எந்த டீம் மிஸ்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பாடசாலை அணிக்கு வயது டிசம்பரோடு கடந்துவிட்டது. விளையாட்டுக் கழக அணிகள் இருக்கின்றன, கண்டியில், கொழும்பில், விசாரித்துப் பார்க்கலாம் என்று ஏதோ சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாள். முதல் நாளே 'இந்த வருடம் முடியாது பிள்ளை' என்று சொல்லியிருந்தால் அவள் ஒருதடவை அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். நான் அவள் கையில் ஓர் அணியைக் கொடுத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கினேன்.

கேட் வரைக்கும் போனேன். அறுபது படியையும் இறங்கினாள். கம்பியைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு காலிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை என்று, போன மாதம் பஸ்ஸில் கண்டபோது அவள் அம்மா சொன்னார். வனஜா இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். வலைப்பந்து ஆடுகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பழைய துண்டு உங்கள் மேசையின் மேல் இழுப்பு லாச்சியில், அதே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற அன்று மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டேன், அதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். ஒரு பிள்ளை உங்கள் முன்னால் நின்று 'மிஸ், ஓடலாமா' என்று கேட்கும் அன்றைக்கு, வெளியே முப்பது பேர் இருந்தாலும் பரவாயில்லை, லாச்சியைத் திறந்து அதை ஒருதடவை வாசியுங்கள். அதிக நேரம் எடுக்காது, ஒரு சொல்தான் இருக்கிறது.